வெள்ளிக்கிழமைக்குள் அழுத்த வேண்டிய பொத்தான்

குளிர்காலம் முடியப்போகிறது என்றால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் பிள்ளை இருக்கும் வீடுகள் எல்லாம் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். "உங்க பொண்ணு போனா இல்ல, எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்? ஹாஸ்டல்ல விடலாமா? என்ன கோர்ஸ் எடுத்தா வேலை கிடைக்கும்?" நான் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பல ஆண்டுகளாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று நம்மவர்களில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அதையெல்லாம் இணையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மகளைக் கல்லூரிக்கு அனுப்பினேன் என்பதற்காக மட்டும் என்னை நிபுணர் ஆக்கிவிட்டார்கள்.

நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. "சேர்ந்த பிறகு பிடிக்கலைன்னா, உங்ககிட்ட வந்து சொல்ற மாதிரி பிள்ளைய வச்சிருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்பேன். "அது சரிங்க, ஆனா சிட்டி கேம்பஸா, ஆல்பனி கேம்பஸா?" என்று பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள்.

இங்கே நம் ஆட்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. கோயிலில் அன்னதான வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும்போது முன்னால் நிற்பவரிடம் விசாரிப்பார்கள். அவர் தன் பிள்ளை படிக்கும் இடத்தைத்தான் சிறந்த இடம் என்பார். பின்னால் நிற்பவர் குறுக்கிட்டுத் தன் பிள்ளை படிக்கும் இடத்தைச் சொல்வார். சாம்பார் ஊற்றுகிறவரும் ஒரு கருத்து வைத்திருப்பார். வீட்டுக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும், தலை குழம்பியிருக்கும். அப்புறம் பல்கலைக்கழகம் எல்லோரையும் சுற்றிப் பார்க்க அழைக்கும் நாள் வரும். ஊரில் கவுன்சிலிங்குக்குப் போவதுபோல மார்க் ஷீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு குடும்பமாகப் போவோம். அங்கே ஒரே நிற டீ-ஷர்ட் போட்ட மாணவர்கள் இலவசப் பேனா கொடுத்து, உனக்கு என்ன பிடிக்கும் என்று பிள்ளையைக் கேட்பார்கள். பதில் சொல்ல அப்பா முன்னே வருவார்.

என் கணவரும் முன்னே வந்தார். "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றார். மகள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனா கொடுத்த பையனிடம், "அவர் அதில் சேரட்டும், நான் வேறு பார்க்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

அவள் பிடித்துக்கொண்டது உணவுத் தொழில்நுட்பம். பள்ளியிலிருந்து ஒருநாள் ஏதோ தொழிற்சாலைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். டப்பாவில் அடைத்த தயிர் எப்படி வாரக்கணக்கில் புளிக்காமல் இருக்கிறது என்று யாரோ அழகாக விளக்கியிருக்கிறார்கள். அதில் மயங்கிப் போனாள். வீட்டில் பாலுக்கு உறை ஊற்றக் கூப்பிட்டால் காதிலேயே விழாதவள். அந்தப் படிப்பு ஆல்பனியில் இருந்தது. நாங்கள் இருப்பது ஒனிஹங்காவில். ஊரின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். நடுவில் துறைமுகப் பாலம். காலையில் அதன்மேல் கார்கள் நகருமா நகராதா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். ஆகவே விடுதியில்தான் தங்குவேன் என்றாள்.

"ஒரே ஊர்ல சொந்த வீடு இருக்கு. ஹாஸ்டலா?" என்றார் கணவர். "ரயில் ஸ்டேஷன் நடக்கிற தூரம். சிட்டியில சேர்ந்தா சாயங்காலம் வந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். இந்த தயிர்ப் படிப்புக்கு அவ்வளவு தூரம் போகணுமா?"

மகள் விட்டுக்கொடுக்கவில்லை. வாரக்கணக்கில் வீட்டில் போர் நடந்தது. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கணவர் என் முகத்தைப் பார்த்தே கேட்பார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டில் மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா இருக்கிறார். எங்கள் வீட்டுச் சண்டை வேலியைத் தாண்டி அவருக்கு நன்றாகக் கேட்கும். கேட்டதை மறைக்கவும் மாட்டார். ஒருநாள் கணவரை வேலியோரத்தில் நிறுத்திவிட்டார்.

"தம்பி, பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் விடுங்கோ. என்ர மூத்தவன் எலக்ட்ரீஷியன் வேலைதான் பழகப் போறன் எண்டு நிண்டவன். அவன்ர அப்பா ஒரு மாசம் அவனோட கதைக்கேல்ல. இப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

"அது வேற அக்கா" என்றார் கணவர்.

"ஓம், ஓம். எல்லாருக்கும் தங்கட பிள்ளை வேறதான்" என்று சொல்லிவிட்டு அக்கா துணி காயப்போடப் போனார்.

கடைசியில் கணவர் இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. எங்கே வேண்டுமானாலும் சேரட்டும், நல்ல நேரத்தில் சேர வேண்டும்.

இந்த மனிதரின் நேரக் கணக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அவர் பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். எந்த லாரி எங்கே நிற்கிறது என்று கணினியில் பார்த்துச் சொல்லும் வேலை. பக்திமான் என்று சொல்ல முடியாது. கோயிலுக்குப் போனால் அவர் கண் செருப்பு விட்ட இடத்தின்மேல்தான் இருக்கும். ஆனால் ராகு காலம், எமகண்டம் என்றால் அசைய மாட்டார். அதிலும் இங்கே வந்த பிறகு சிக்கல் இரண்டு மடங்காகிவிட்டது. சுவரில் சென்னையிலிருந்து வரவழைத்த தினசரி நாட்காட்டி. கைப்பேசியில் ஆக்லாந்து சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடும் பஞ்சாங்கம். இங்கே கோடையில் பகல் நீளம் என்பதால் ராகு காலமும் சேர்ந்து நீண்டு மதியச் சாப்பாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ராகு இந்திய நேரப்படி வருவாரா, நியூசிலாந்து நேரப்படி வருவாரா என்பதற்கு அவரிடம் தீர்ப்பு இல்லை. எதற்கு வம்பு என்று இரண்டையும் ஒதுக்கிவிடுவார். மிச்சம் இருக்கும் இடுக்கில்தான் எங்கள் குடும்பத்தின் நல்ல காரியங்கள் நடக்கும். வீடு வாங்கிக் கையெழுத்துப் போட்ட அன்று, வழக்கறிஞர் பேனாவை நீட்டிக்கொண்டே இருக்க, இவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தாகம் என்று நினைத்து அந்த அம்மாள் இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்.

ஜனவரியில் மதிப்பெண்கள் வந்தன. படிப்புக்கும் விடுதிக்கும் சேர்த்தே இடம் கிடைத்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானை வெள்ளிக்கிழமைக்குள் அழுத்த வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கணவர் இரண்டு பஞ்சாங்கங்களையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்தார். அந்த வாரத்தில் மற்ற நாட்கள் ஒவ்வொரு காரணத்தால் கழிந்துபோயின. வெள்ளிக்கிழமையிலும் பகலில் எல்லோரும் வேலையில், மதியம் ராகு காலம், மாலையில் எமகண்டம், அது முடியுமுன் இந்தியாவின் ராகு காலம். எல்லாம் ஓய்ந்து ஏழரைக்கு மேல்தான் நேரம் சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் என்றால் வெள்ளி முழுவதும் நம்முடையதுதானே என்று நானும் நம்பினேன்.

அன்று மாலை விளக்கேற்றினோம். வெளியே வெயில் இன்னும் போகவில்லை. மடிக்கணினியின் ஓரத்தில் கணவர் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தார். பேக்கரியில் கோடை விடுமுறை வேலை முடித்து வந்திருந்த மகள், உடை மாற்றாமலேயே பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். "இங்கதான்பா, அழுத்துங்க." அவர் அழுத்தினார். பக்கம் மாறியது. விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கேசரி செய்திருந்தேன். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு முடித்து அறைக்குள் போய்விட்டாள். நாள் முழுக்க நின்ற களைப்பு என்று நினைத்தேன்.

பிப்ரவரி இறுதியில் விடுதியில் கொண்டுபோய் விட்டோம். ரைஸ் குக்கர், இட்லிப் பொடி, இரண்டு போர்வை, ஊறுகாய். ஊறுகாயை ஒளித்து வை என்று நான் சொன்னேன், எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். கணவர் ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். அவசர வழி எங்கே என்று பார்த்துவிட்டு வந்தார். எதிர் அறைப் பெண்ணின் அப்பாவிடம் கைகுலுக்கி, நாங்கள் பக்கத்திலேயேதான் இருக்கிறோம், ஒனிஹங்கா என்று சொன்னார். அந்த மனிதர் தெற்குத் தீவிலிருந்து விமானத்தில் மகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். புன்னகைத்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்ததும் கணவர் பென்ரோஸிலிருந்து நேராக ஆல்பனி போய் அவளை அழைத்து வருவார். அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்குவாள். வகுப்பு எப்படி என்றால் "குட்". தோழிகள் கிடைத்தார்களா என்றால் "யா". சாப்பாடு என்றால் "ஃபைன்". மூன்று கேள்விக்கு மூன்று வார்த்தை. நாலாவது கேள்வி கேட்டால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். "நல்ல நேரத்துல சேர்ந்தது. அதெல்லாம் நல்லா வருவா" என்று கணவர் அவளுக்குக் கேட்கும்படியே சொல்வார்.

மே மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. காலைப் பணி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் இருந்தபோது அழைத்தாள்.

"அம்மா, நீ வர்றியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனில் அவள் எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். தமிழ் வந்தால் ஒன்று பணம் வேண்டும், இல்லை காய்ச்சல். "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பாலம் முழுவதும் வைப்பர் கிடந்து அடித்துக்கொண்டது. என்னென்னவோ நினைத்தேன். நர்ஸுகளுக்கு நினைக்க நிறைய இருக்கும்.

ஆல்பனி மாலில் உணவுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. ஒரு தட்டு உருளை வறுவலை வாங்கி வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தாள். இரண்டு வாரமாக வகுப்புக்கே போகவில்லை என்றாள். அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் எழுந்து குளித்து, அப்பா வரும்போது வாசலில் போய் நின்றிருக்கிறாள். தேர்வு நெருங்குகிறது. இப்படியே போனால் எல்லாப் பாடமும் போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அம்மா, அன்னைக்கு நான் முன்னாடியே அழுத்திட்டேன்."

"எதை?"

"அக்செப்ட் பட்டனை. அஞ்சு மணியோட க்ளோஸ்னு போட்டிருந்துச்சு. சொன்னா அப்பா அந்த நேரம் ஆகாது, இந்த நேரம் ஆகாதுன்னு டென்ஷன் ஆவாரு. பேக்கரில லஞ்ச் பிரேக்ல போன்லயே அழுத்திட்டேன். அப்போ ராகு காலம். எனக்குத் தெரியும். அப்பாவோட ஆப் என் போன்லயும் இருக்கு."

"அப்போ சாயங்காலம் அப்பா அழுத்தினது?"

"அது லாக் அவுட்."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உருளை வறுவலையே பார்த்துக்கொண்டு, "அதனாலதானோன்னு தோணுதும்மா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் வந்தது என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்பாவின் நாட்காட்டியைப் பார்த்து வருடக்கணக்கில் கேலி செய்தவள். ராகு என்ன, பார்க்கிங் அபராதம் போடுகிறவரா என்று கேட்டவள். அவள் ஒரு விடுதி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு, ஒரு பொத்தானை எந்த நேரத்தில் தொட்டோம் என்று நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறாள். நான் கைப்பேசியை எடுத்து மேசைமேல் போட்டேன். வாதாட வேண்டும் என்றால் அவள் அப்பாவின் சட்டப் புத்தகத்தை வைத்தே வாதாடுகிறேன் என்று இறங்கினேன்.

"மத்தியானம் எத்தனை மணிக்கு அழுத்தின?"

"பன்னெண்டரை இருக்கும்."

"அப்போ இந்தியாவுல விடியக்காலை அஞ்சு மணி. பிரம்ம முகூர்த்தம். அதைவிட நல்ல நேரம் உலகத்துலயே கிடையாது. உங்க அப்பாவே தேடினாலும் கிடைச்சிருக்காது."

அவள் தலைநிமிர்ந்தாள். முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. பிறகு சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது.

"நல்ல நேரமா இருந்தாலும் எனக்கு இது பிடிக்கலைம்மா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாரக்கணக்கில் அப்பாவோடு சண்டை போட்டு வாங்கிய இடம். பிடிக்கவில்லை என்று சொன்னால், தோற்றதாக ஆகிவிடும். நேரம் சரியில்லை என்றால் பழி ராகுவோடு போய்விடும். எங்கள் வீட்டில் நேரத்தை இப்படித்தான் பயன்படுத்துகிறோம். அவள் அப்பாவும், நீ வீட்டை விட்டுப் போவது எனக்குத் தாங்கவில்லை என்று சொல்லத் தெரியாமல்தான் அந்த வாரம் முழுவதும் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலை. அதுக்கு ராகு என்ன பண்ணுவாரு?" என்றேன்.

"லேப்ல எல்லாரும் அவ்வளவு இன்ட்ரஸ்டா நிக்கிறாங்க. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன். அப்பாகிட்ட எப்படிம்மா சொல்றது? அவரு அப்பவே வேண்டாம்னாருல்ல."

"சரி. வேற என்ன படிக்கணும்?"

"தெரியலை."

அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு ஒரு படிப்பின் பெயரைச் சொல்லியிருந்தால், அதற்காக யாருடனாவது மல்லுக்கட்டலாம். தெரியலை என்பதற்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது? உருளை வறுவலை நானே தின்று முடித்தேன். அவள் விடுதிக்குப் போய் ஒரு பையை எடுத்து வந்தாள். திரும்பும் வழியில் பாலத்தில் கார்கள் நகரவே இல்லை. அவள் தூங்கிவிட்டாள்.

கணவர் வேலையிலிருந்து வந்தபோது அவள் சமையலறையில் நின்றிருந்தாள். செவ்வாய்க்கிழமை மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி பயந்தது. "உடம்பு சரியில்லையா?" என்றார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தமிழில் தொடங்கி, ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்புக்குப் போகாததை, படிப்பு பிடிக்காததை, மதியம் அழுத்தியதை, மாலையில் அவரை வைத்து நாடகம் ஆடியதை. நான் அடுப்புக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் வாயிலிருந்து வந்தால், திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

அவர் அதைச் சொல்லவில்லை.

"லாக் அவுட்டா?" என்று கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக்கல் எனக்கும் பிடிக்கல" என்றார்.

எங்கள் இருவருக்கும் உடனே புரியவில்லை.

"சேர்ந்த முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. ஒர்க் ஷாப்ல ஃபைலிங் பண்ணச் சொன்னாங்க. ஒரு இரும்புத் துண்டை வச்சு நாள் முழுக்க அரத்தால ராவிக்கிட்டு நின்னேன். இது நமக்கு ஆகாதுன்னு தோணிச்சு. எங்க அப்பா நேரம் பார்த்து, ஃபீஸ் கட்டி, கூட வந்து சேர்த்துவிட்டிருந்தாரு. நல்ல நேரத்துல சேர்ந்தது எப்படித் தப்பாகும்னு இருந்துட்டேன். நாலு வருஷம். யார்கிட்டயும் சொன்னதில்ல."

இந்த மனிதருடைய பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியதே நான்தான். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று பெருமையாகச் சொல்வேன். அவர் எந்தச் சட்டினியை ஒதுக்குவார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றெல்லாம் தெரியும். இது தெரியாது. இத்தனை ஆண்டுகளில் தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு என்னப்பா படிக்கணும்னு இருந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார், ஏதோ எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

"யாரும் கேக்கலம்மா. அதனால நானும் யோசிக்கல."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப யோசிங்க" என்றாள். "நானும் யோசிக்கிறேன்."

அவர் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினார்.